தலைமுறைகளின் திறனை ஒப்பிடுதல்: பாக்கெட் பில்லியர்ட்ஸை முன்வைத்து ஒரு விசாரணை

ஒரு கலையிலோ விளையாட்டிலோ முற்காலத்து வல்லவர் ஒருவரையும் இக்காலத்து வல்லவர் ஒருவரையும் அருகருகே நிறுத்தி, இவ்விருவருள் யார் பெரியவர் என்று கேட்பது எங்கும் உள்ள வழக்கம். அது பெரும்பாலும் பொழுதுபோக்கு விவாதமாகவே கொள்ளப்படுகிறது. ஆயினும் மெய்யியல் சார்ந்த வினா ஒன்று அதன் அடியில் இருக்கிறது. திறன் என்பது, உயரத்தையும் எடையையும் போல, ஒரு மனிதர் எக்காலத்தில் எக்களத்தில் நின்றாலும் அவரை விட்டு நீங்காத பண்பா, அல்லது அவருக்கும் அவர் பழகிய கருவி, களம், விதி, எதிராளி ஆகியவற்றுக்கும் இடையே மட்டும் நிலவும் உறவா என்பதே அவ்வினா. முன்னது உண்மையானால், போதிய நுட்பமுள்ள அளவுகோல் ஒன்று கிடைக்கும் நாளில் எல்லாத் தலைமுறையினரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடலாம். பின்னது உண்மையானால், அந்த வரிசையைத் தேடும் முயற்சி தொடங்கிய இடத்திலேயே பிழைபட்டுவிடுகிறது. ஆனால் அப்போது, முன்னோரிடமிருந்து கற்கிறவர் அன்றாடம் செய்யும் ஒப்பீடுகளுக்கு என்ன பொருள் என்பது தனியே விளக்கப்பட வேண்டியதாகிறது.

அமெரிக்க மக்கள் பூல் என்று வழங்கும் பாக்கெட் பில்லியர்ட்ஸ் இவ்விசாரணைக்குப் பிற விளையாட்டுகளைவிடப் பொருத்தமானது. ஓட்டப்பந்தயத்தில் காற்று எதிர்க்கிறது. கிரிக்கெட்டில் பந்து வீசுபவரின் கையைப் பொறுத்தே மட்டையாளரின் கை அமைகிறது. பாக்கெட் பில்லியர்ட்ஸிலோ, ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும் வரை எதிராளி நாற்காலியில் அமர்ந்திருப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய இயலாது. மேசை நிலையாக நிற்கிறது, பந்துகள் அசையாமல் காத்திருக்கின்றன, அடிப்பவர் கியூ என்னும் கோலால் வெள்ளைப் பந்தைத் தொடும் வரை அங்கு எதுவும் நிகழ்வதில்லை. எதிராளியின் குறுக்கீடு இல்லாத இவ்விடத்தில்தான், திறனை எண்ணாகப் பிழிந்தெடுத்துக் காலம் கடந்து ஒப்பிட முடியும் என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான இடம் கிடைக்கிறது. அந்நம்பிக்கை இங்கேயே நிலைக்கவில்லை என்றால், பிற துறைகளில் அது நிலைப்பது மேலும் அரிது.

நம்பிக்கையைச் சோதிக்க ஏற்ற எண் ஒன்றும் இருக்கிறது. ஜெரோம் கியோ என்பவர் 1910ஆம் ஆண்டளவில் வகுத்ததாகக் கூறப்படும் ஸ்ட்ரெய்ட் பூல் என்ற ஆட்டவகையில், ஆடுபவர் எந்தப் பந்தை எந்தப் பாக்கெட்டில் வீழ்த்தப்போகிறார் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வீழும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. பதினைந்தில் பதினான்கு வீழ்ந்தபின் அவற்றை மீண்டும் முக்கோணமாக அடுக்கி வைக்க, எஞ்சிய பந்தை வீழ்த்தும் அடியிலேயே வெள்ளைப் பந்து அடுக்கில் மோதி அதைக் கலைக்கும்படி ஆடி, தவறு நேரும் வரை தொடரலாம். இவ்வகையில் தடையின்றி வீழ்த்தப்பட்ட பந்துகளின் எண்ணிக்கை ரன் எனப்படும். 1941 முதல் 1957 வரையிலான காலத்தில் 15 முறை உலகப் பட்டம் வென்ற வில்லி மஸ்கோனி, 1954 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த காட்சி ஆட்டம் ஒன்றில் தொடர்ந்து 526 பந்துகளை வீழ்த்தினார். நேரில் கண்டவர்கள் அதற்குச் சான்று எழுதிக் கையொப்பமிட்டனர். அறுபத்தைந்து ஆண்டுகள் அசையாதிருந்த அந்த எண்ணை, 2019 மே மாதம் கலிஃபோர்னியாவின் மான்ட்ரேயில் ஜான் ஷ்மிட் 626 பந்துகளால் கடந்தார். சில ஆண்டுகளுக்குள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேசன் ஷா அதையும் தாண்டிச் சென்றார்.

526ஐ விட 626 பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றையே அளந்த எண்களா? மஸ்கோனி ஆடியது 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட மேசை. ஷ்மிட் ஆடியது நான்கரைக்கு ஒன்பது அடி மேசை. சிறிய மேசையில் அடிக்கும் தொலைவு குறைகிறது என்பது மஸ்கோனியின் சாதனையைச் சற்றுத் தாழ்த்துவதாகத் தோன்றும்; அதே சிறிய மேசையில் பந்துகள் நெருக்கியடித்துக் கொண்டு ஒன்றையொன்று மறைக்கும் என்பது அதைச் சற்று உயர்த்தும். அக்காலத்து மேசைத்துணி மயிர்ப்பு மிகுந்த கம்பளி; பந்தின் ஓட்டத்தை அது இழுத்துப் பிடிப்பதால், வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்துக்குச் செலுத்தவும் அடுக்கை உடைக்கவும் கூடுதல் விசை வேண்டியிருந்தது, விசை கூடுந்தோறும் குறி தவறும் வாய்ப்பும் கூடியது. இன்றைய வழவழப்பான துணியில் மெல்லிய தொடுதலே போதும். ஆனால் அந்த வழவழப்பே சிறு மிகையையும் பெருந்தவறாக்கிவிடும். இவை போதாதென்று, நிகழ்ந்த சூழலும் வேறு. மஸ்கோனியின் ரன், எதிராளி ஒருவருடன் மக்கள் முன் ஆடிய ஆட்டத்தில், வெற்றிக்குரிய புள்ளியைக் கடந்த பின்னும் தொடர்ந்ததால் நேர்ந்தது. அன்று சாதனையைக் குறிவைத்து அவர் மேசைக்கு வரவில்லை. ஷ்மிட்டோ அந்த எண்ணைக் கடப்பதையே நோக்கமாகக் கொண்டு, மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் முயன்று, ஒளிப்பதிவுக் கருவியின் முன் அதை அடைந்தார். எதிர்பாராமல் நேர்ந்த உச்சமும், பல நூறு முயற்சிகளுள் மிகச் சிறந்ததாகத் தேர்ந்த உச்சமும் இருவேறு வகைப்பட்டவை. இரண்டுமே வியப்புக்குரியவை, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து நூறு என்ற மீதத்தைப் பெறுவதற்குத்தான் இடமில்லை.

வேறுபாடுகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டு எண்ணைத் திருத்திக்கொள்ளலாமே என்று இதற்கு மறுமொழி கூறப்படலாம். துணியின் வேகத்துக்கு இவ்வளவு, மேசையின் அளவுக்கு இவ்வளவு என்று கழித்தும் கூட்டியும் இறுதியில் தூய்மையான திறன் எஞ்சும் என்பது அம்மறுமொழியின் உட்கிடை. இது ஓர் ஆழ்ந்த தடையைச் சந்திக்கிறது. துணியும் மேசையும் ஆட்டக்காரருக்கு வெளியே நின்று அவரது வேலையை எளிதாக்கியோ கடினமாக்கியோ விட்டுப் போகும் சூழல்கள் மட்டுமல்ல. அவரது கையை உருவாக்கியவையும் அவையே. மெதுவான துணியில் பத்து வயது முதல் பழகியவருக்கு, அத்துணி கேட்ட நீண்ட வீச்சும் மணிக்கட்டின் தளர்வும் உடலோடு ஒன்றிவிட்டவை. மஸ்கோனியை இன்றைய மேசை முன் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே இரண்டாகப் பிளக்கிறது. 1954இல் இருந்த அதே கையோடு அவரைக் கொண்டுவந்தால், அவர் வேறொரு மேசைக்காக உருவான கையோடு நிற்பார். அவர் தடுமாறினால் அது எதையும் நிறுவாது. இன்றைய மேசையிலேயே பிறந்து வளர்ந்தவராக அவரைக் கற்பனை செய்தால், அவருடைய ஆசிரியர்கள் வேறு, பார்த்த ஆட்டங்கள் வேறு, தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்கள் வேறு. அத்தனையும் மாறியபின் அவரை மஸ்கோனி என்று அழைப்பதற்குப் பெயரைத் தவிர வேறென்ன ஆதாரம் எஞ்சும் என்று சொல்வது கடினம்.

இவ்விடத்தில் டேவிட் ஹியூமை நினைவுகூர்வது தகும். காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள தொடர்பை அறிவு எவ்வாறு பெறுகிறது என்று ஆராய்ந்த அவர், 1748இல் வெளியிட்ட மனித அறிவைப் பற்றிய நூலில் பில்லியர்ட்ஸ் பந்துகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒரு பந்து மற்றொன்றை நோக்கி உருண்டு செல்வதை முதன்முறையாகக் காண்பவர், மோதலுக்குப் பின் என்ன நிகழும் என்பதை வெறும் சிந்தனையால் கண்டடைய முடியாது. முதல் பந்து பின்வாங்கலாம், இரண்டுமே நின்றுவிடலாம், எதுவும் முரணாகாது. மீண்டும் மீண்டும் கண்டதனால் மனத்தில் ஊன்றும் பழக்கமே எதிர்பார்ப்பைத் தருகிறது என்பது அவர் முடிவு. இயற்கை அறிவு முழுவதற்கும் இது பொருந்துமா என்பது இன்றுவரை தீராத வழக்கு; ஆனால் பில்லியர்ட்ஸ் மேசையில் கற்பவருக்கு இது சொல்லுக்குச் சொல் உண்மை. பந்துகளின் இயக்கத்தை கஸ்பார் கோரியோலி என்ற பிரெஞ்சு அறிஞர் 1835இலேயே முழுமையான கணித நூலாக எழுதிவிட்டார். இருந்தும் அதைப் படித்துத் தேர்ந்த ஆட்டக்காரர் எவரும் இல்லை. பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1953இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தேர்ந்த ஆட்டக்காரர் சிக்கலான சமன்பாடுகளையெல்லாம் அறிந்தவர் போலவே அடிக்கிறார், உண்மையில் அவற்றை அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை என்று காட்டியதும் இதையே குறிக்கிறது. ஒன்றைச் செய்யத் தெரிவதும் அதைப் பற்றிய உண்மைகளைத் தெரிந்திருப்பதும் இருவேறு அறிவுகள் என்று கில்பர்ட் ரைல் 1949இல் வகுத்த பாகுபாட்டின்படி, ஆட்டக்காரருடையது முதல் வகை அறிவு.

பழக்கமே அறிவு என்றால், அப்பழக்கம் எந்த உலகில் ஊன்றியதோ அந்த உலகின் தடம் அறிவுக்குள்ளேயே இருக்கும். இதற்கு நேரடியான சான்று கருவியிலேயே கிடைக்கிறது. வெள்ளைப் பந்தின் நடுவுக்கு இடப்புறம் அடித்துச் சுழற்சி கொடுத்தால், பந்து கியூ காட்டிய கோட்டில் செல்லாமல் சற்று வலப்புறம் விலகும். முற்காலத்து மரக் கோல்களில் இவ்விலகல் மிகுதி. அக்காலத்தவர் அதைக் கணக்கிடவில்லை. விலகும் அளவுக்கு எதிர்ப்புறமாகத் தாமறியாமலே குறியை மாற்றிக்கொள்ளும்படி அவர்கள் உடல் பழகியிருந்தது. 1990களில் விலகலைக் குறைக்கும் கோல்களும், பின்னர் கார்பன் இழைக் கோல்களும் வந்தன. பழைய கை புதிய கோலைப் பிடித்தால், இல்லாத விலகலுக்கு ஈடு செய்து முதலில் தவறவே செய்யும். இன்னும் பின்னோக்கிச் சென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் ஃபிரான்சுவா மிங்கோ கோலின் நுனியில் தோல் ஒட்டும் முறையைக் கொண்டுவருவதற்கு முன் ஆடியவர்களுக்கு, பந்தைப் பின்சுழற்றி இழுப்பது என்ற திறனே இன்றுள்ள பொருளில் வாய்த்திருக்கவில்லை. அவர்களிடம் அது குறைவாக இருந்தது என்று சொல்வதும் பிழை. அளப்பதற்கு அங்கே அந்தப் பொருளே இல்லை.

இதுவரை சொன்னவற்றால், எந்தத் தலைமுறையும் அதனதன் உலகில் நிறைவானது, ஒப்பீடு என்பதே வீண் என்ற முடிவுக்கு ஒருவர் வரக்கூடும். அம்முடிவு பெருந்தன்மையாகத் தோன்றினும் ஏற்கத்தக்கதன்று. எஃப்ரன் ரேயஸின் வாழ்வு அதைத் தெளிவாக மறுக்கிறது. மஸ்கோனி 526 பந்துகளை வீழ்த்திய அதே 1954ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்து, சிறுவயதில் மணிலாவில் உறவினர் நடத்திய பில்லியர்ட்ஸ் கூடத்தில் வளர்ந்தவர் ரேயஸ். ஒன்று முதல் பதினைந்து வரை எண் வரிசைப்படியே பந்துகளை வீழ்த்தும் ரொட்டேஷன் என்ற ஆட்டமும், பாக்கெட்டே இல்லாத மேசையில் விளிம்புகளில் பட்டுத் திரும்பிப் பந்துகளை மோதச் செய்யும் காரம் என்ற ஆட்டமும் அவரை உருவாக்கின. 1980களில் அமெரிக்கா சென்ற அவர், 1994இல் யூ.எஸ். ஓப்பன் நைன் பால் பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவரானார். 1999இல் கார்டிஃபில் உலக நைன் பால் பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

அவர் வந்த காலத்தில் அமெரிக்க நைன் பால் ஆட்டத்தின் விதி மாறிக்கொண்டிருந்தது. நைன் பாலில் மேசையில் உள்ளவற்றுள் மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். பழைய விதிப்படி, அப்பந்து மறைந்திருந்தால் வெள்ளைப் பந்தை வேறிடத்துக்குத் தள்ளிவிட்டு, தொடர்வதா விடுவதா என்ற முடிவை எதிராளியிடம் ஒப்படைக்கலாம். புதிய விதிப்படி, தொடக்க அடியை அடுத்த அடியைத் தவிர வேறெப்போதும் அவ்வாறு தள்ள இயலாது; தொடத் தவறினால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையிலெடுத்து விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். மறைந்த பந்தை விளிம்பில் மோதித் திரும்பி அடைவது, இதனால், ஆட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. பிறர் அத்தகைய அடியில் பந்தைத் தொட்டாலே போதும் என்று நிறைவுற்ற இடத்தில், ரேயஸ் அதன் எந்தப் பக்கத்தைத் தொடுவது, தொட்டபின் இரு பந்துகளும் எங்கே நிற்பது என்பதையும் சேர்த்தே தீர்மானித்தார். பாதுகாப்பான நிலை என்று எதிராளி எண்ணி அமர்ந்த நிலைகள் பாதுகாப்பற்றவை ஆயின. அதனால் பாதுகாப்பு ஆட்டமே மறுபடி சிந்திக்கப்பட வேண்டியதாயிற்று. இன்று அதே அடிகள் ஒளிப்பதிவுகளில் அலசப்பட்டு, விளிம்பில் பதித்த புள்ளிகளைக் கொண்டு கணக்கிடப்பட்டு, பதினைந்து வயது மாணவருக்கும் பாடமாகக் கிடைக்கின்றன. இளம் வயதிலேயே உலகப் பட்டம் வென்ற ஃபெடோர் கோர்ஸ்ட், ஜெர்மனியின் ஜோஷுவா ஃபில்லர் ஆகியோர் அவற்றை வியப்புக்குரியவையாகக் கொள்வதில்லை. தெரிந்திருக்க வேண்டியவையாகவே கொள்கிறார்கள்.

ஆகவே இன்றைய முன்னணி ஆட்டக்காரர்களின் பொதுத்தரம் அன்றையதைவிட உயர்ந்தது என்பதை முன்னோர் மீதுள்ள மதிப்பால் மறைக்கத் தேவையில்லை. ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1996இல் எழுதிய நூல் ஒன்றில் பேஸ்பாலைக் கொண்டு காட்டிய உண்மை இங்கும் செல்லும்: ஒரு விளையாட்டு முதிர்ச்சி அடையும்போது சராசரி ஆட்டக்காரர் உச்ச எல்லையை நெருங்குகிறார், அதனால் உச்சியில் நிற்பவருக்கும் மற்றவருக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது, தனித்து ஓங்கி நிற்பவர் அருகிப் போகிறார். முற்காலத்தவரின் தனிப்பேரொளி ஓரளவு சுற்றியிருந்தவர்களின் மங்கலால் ஆனது என்பதை இது ஒப்புக்கொள்ள வைக்கிறது.

ஆனால் இங்கிருந்து ரேயஸின் பெருமை வெறும் காலவாய்ப்பு என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. முதலில் வந்ததனால் முதற்புகழ் கிடைத்தது என்றால், அதே விதிமாற்றத்தை அதே ஆண்டுகளில் எதிர்கொண்ட எத்தனையோ தேர்ந்த ஆட்டக்காரர்களும் அதே மேசை முன்தான் நின்றார்கள்; சிக்கல் எல்லோர்க்கும் பொதுவாகவே இருந்தது. காரம் ஆட்டத்திலிருந்து ஒரு வழியைக் கொண்டுவந்து அதை அங்கே பொருத்திப் பார்க்கும் கண் எல்லோர்க்கும் வாய்க்கவில்லை. எனவே திறன் என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவதில் இரண்டு மதிப்புகள் கலந்திருப்பதாகக் கொள்ள வேண்டும். கண்டறியப்பட்ட வழிகளுள் ஒருவர் எவ்வளவு தவறின்றி நடக்கிறார் என்பது ஒன்று. வழியே இல்லாத இடத்தில் அவர் எதைத் திறந்தார் என்பது மற்றொன்று. முதலாவதில் பிற்காலத்தவர் வெல்வது ஏறத்தாழ உறுதி, ஏனெனில் முன்னோர் திறந்தவை அனைத்தும் அவர்களுக்குத் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகின்றன. இரண்டாவதை அவ்வாறு மரபாகப் பெற இயலாது. ஒவ்வொருவரும் தம் காலத்து மேசையில் அதைப் புதிதாகவே செய்ய வேண்டும். இவ்விரண்டாவது மதிப்பில்தான் காலம் கடந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு: மஸ்கோனி ஒரு மேசையில் செய்ததையும் ரேயஸ் வேறொரு மேசையில் செய்ததையும் எண்களால் இணைக்க இயலாவிடினும், தமக்குக் கிடைத்த ஆட்டத்தை இவ்விருவரும் எவ்வளவு விரித்துவிட்டுச் சென்றார்கள் என்று கேட்க இயலும். அக்கேள்விக்கு விடை வரிசை எண்ணாக வராது. காரணங்களோடு கூடிய தீர்ப்பாகவே வரும்.

வளர்ச்சி ஒரே திசையில் செல்கிறது என்ற எண்ணத்தையும் இங்கே திருத்த வேண்டும். செய்யத் தெரிதல் என்ற அறிவு நூலில் தங்குவதில்லை, உடல்களில் தங்குகிறது. அதைக் கேட்கும் களம் மறைந்தால் அதுவும் மறைகிறது. ஸ்ட்ரெய்ட் பூல் போட்டிகளின் நடுவிடத்தை இழந்தபின், பதினான்கு பந்துகளை எந்த வரிசையில் களைந்தால் இறுதிப் பந்து அடுக்கை உடைக்க வாகாக நிற்கும் என்று முதல் அடியிலேயே காணும் பார்வை ஒரு சிலரிடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மெதுவான துணியில் முழு மேசை நீளத்துக்கும் பந்தைப் பின்னிழுத்த வீச்சும் அவ்வாறே. இன்றையோர் அவற்றை மறந்தார்கள் என்று பழிப்பது நியாயமாகாது. அவர்களிடம் அதை யாரும் கேட்கவில்லை. ஆயினும் இழப்பு இழப்பே.

கற்பவருக்கு இவையெல்லாம் ஏன் வேண்டும் என்பதற்கு அலஸ்டேர் மெகின்டைர் 1981இல் வெளியிட்ட அறநூலில் விடை ஒன்று உண்டு. தனக்கே உரிய உள்நலன்களையும் சிறப்பின் அளவுகோல்களையும் கொண்ட கூட்டுச்செயலைப் பயிற்சிமரபு என்று அவர் பொருள்படுத்துகிறார். அதனுள் நுழைபவர் இன்று அதில் ஈடுபட்டிருப்பவர்களோடு மட்டுமன்றி, அதை இவ்வளவு தூரம் கொண்டுவந்த முன்னோரோடும் உறவு கொள்கிறார், அவர்களுடைய அளவுகோலுக்குத் தம்மை உட்படுத்துகிறார். இதன்படி ஒப்பீடு கற்றலின் உள்ளுறுப்பு. எதைப் போலச் செய்ய வேண்டும் என்று தேர்வதே யாரை யாரோடு வைத்துப் பார்ப்பது என்ற தீர்ப்புதான்.

அத்தீர்ப்பு கற்பவரின் வளர்ச்சியோடு தானும் மாறுகிறது என்பது மிகக் கவனிக்கத்தக்கது. தொடக்கநிலையில் இருப்பவர் மஸ்கோனியின் பழைய படச்சுருளைப் பார்த்தால், அவர் அடிப்பவை எல்லாம் எளிய அடிகளாகத் தோன்றும். நெடுந்தொலைவில் குறுகிய கோணத்தில் பந்தை வீழ்த்தும் இன்றைய ஆட்டக்காரரே உயர்ந்தவராகப் படுவார். சில ஆண்டுகள் பழகியபின் அதே படத்தில், ஒவ்வோர் அடியும் எளிதாயிருப்பதற்கு முந்தைய அடியில் வெள்ளைப் பந்து நின்ற இடமே காரணம் என்பது தெரியவரும். இன்னும் பழகியபின், அந்த இடத்தில் நிற்பதற்காக அதற்கும் முன்னே எந்தப் பந்தை விட்டுவைத்தார் என்பதும் தெரியும். படம் மாறவில்லை, காண்பவர் தம் கையால் கற்றது அவர் கண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முன்னோரை மதிப்பிடும் தகுதி, அவர்கள் செய்ததில் ஒரு பகுதியையேனும் செய்யக் கற்றவரிடமே உருவாகிறது என்றால், மேசையைத் தொடாதவர் எண்களை வைத்து நடத்தும் வழக்கு பெரும்பாலும் பொருளற்றுப் போகிறது. இதில் ஒரு வட்டம் இருக்கிறது: மதிப்பிடக் கற்க வேண்டும், கற்க யாரை மதிப்பதென்று முன்பே அறிந்திருக்க வேண்டும். இவ்வட்டத்தை ஆசிரியர் மேல் வைக்கும் நம்பிக்கை தொடங்கிவைக்கிறது. பின்னர் பெறும் பார்வை அந்நம்பிக்கையை உறுதி செய்கிறது அல்லது விலக்குகிறது. மரபுகள் அனைத்தும் இவ்வாறே நடப்பதால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

அளவுகோலைப் பற்றியும் ஒன்று எஞ்சியிருக்கிறது. இன்றைய ஆட்டக்காரர்களின் கை மிகவும் தேர்ந்துவிட்டதால், அண்மை ஆண்டுகளில் சில பெரிய நைன் பால் போட்டிகளில் பாக்கெட்டின் வாய் 4 அங்குல அளவுக்குச் சுருக்கப்பட்டுள்ளது. தொடக்க அடியிலேயே பந்துகளை உறுதியாக வீழ்த்தும் வழிகளை அவர்கள் கண்டுகொண்டதால், பந்துகளை அடுக்கும் இடமும் தொடக்க அடிக்கான விதிகளும் திரும்பத் திரும்ப மாற்றப்படுகின்றன. அதாவது, இத்தலைமுறையின் திறனே அடுத்த தலைமுறை நிற்கப்போகும் மேசையை இப்போது செதுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த மேசையில் வளரும் ஒருவர் இன்றையோரின் பதிவுகளைப் பார்க்கும்போது, அவர் காணும் அகன்ற பாக்கெட்டுகளை எளிமையின் அடையாளமாகக் கொள்வாரா, அவற்றைக் குறுகச் செய்தவர்கள் யார் என்று விசாரிப்பாரா என்பது அவருக்குக் கற்பிப்பவரைப் பொறுத்தது.